தாவீதைச் சாட்சிக்குக் கூப்பிடுதீரே, மருமவனே!

இரியும் மருமவனே, இரியும். மோரு இருக்கு, குடியும். வந்த சோலியை நீரு சொல்லவே வேண்டாம். உமக்கு முன்னாலயே அது ஊரைச் சுத்திட்டு இந்தத் திண்ணைக்கு வந்து சேந்துட்டு. கல்யாண மண்டபம் கட்டுன கணக்குல நம்ம சபைத் தலைவரு கை கொஞ்சம் ஆழமாவே போயிட்டு. நாளைக்குச் சபைக் கூட்டம். அவருக்காக எந்திரிச்சு நிண்ணு பேசப்போறது நீரு. 'தாவீது ராஜாவே தப்புச் செய்யலியா, ஆண்டவரு அவரைத் தள்ளியா விட்டுட்டாரு?'ன்னு ஒரு போடு போட்டா ஊரே வாயை மூடிக்கிடும்னு ரோசனை. நல்ல ரோசனைதாம் வே. யாரு சொல்லிக் குடுத்தா?

ஆனா ஒண்ணு. ஒத்தைச் சாட்சியை வச்சுக்கிட்டு எந்த வக்கீலாவது கேசு நடத்துவானா? பழைய ஏற்பாட்டுல பெரிய மனுஷன்மாருக்கா பஞ்சம்? பக்கத்துக்கு ஒருத்தரு கூண்டுல ஏறத் தயாரா நிக்காரு. கெழவன் ஒவ்வொருத்தரா எடுத்துத் தாரேன், உமக்கு எது தோதுப்படுதோ அதை வச்சுக்கிடும்.

மொதல்ல ஆபிரகாம். விசுவாசிகளுக்கெல்லாம் தகப்பன். 75 வயசுல ஆரானை விட்டுப் பொறப்பட்டு கானானுக்கு வந்தாரு. வந்த எடத்துல பஞ்சம். எகிப்துக்குப் போவோம்னு கெளம்புனவரு, எல்லையை நெருங்குனதும் பெஞ்சாதிகிட்ட ஒரு ஏற்பாடு பேசுதாரு. நீ அழகா இருக்கே, ஒன் புருஷன்னு தெரிஞ்சா என்னையக் கொன்னுருவானுவ, கூடப்பொறந்தவன்னு சொல்லிரு, நான் பிழைச்சுக்கிடுவேன். அந்தம்மாவைப் பார்வோன் அரமனைக்குக் கொண்டுபோயிட்டாங்க. 'அண்ணனுக்கு' ஆடு, மாடு, கழுதை, ஒட்டகம், வேலையாளுன்னு வந்து எறங்குது. வேண்டாம்னு அவரு சொன்னதா ஒரு வரி இல்லை. கடைசியில விஷயம் தெரிஞ்சு, ஏன்யா இப்படிச் செஞ்சீருன்னு அவரைக் கேட்டது யாருங்கீரு? பார்வோன்! நம்ம ஆண்டவரைக் கும்பிடாத பார்வோன், விசுவாசத் தகப்பனுக்கு ஒழுக்கம் சொல்லி அனுப்பி வைக்கான்.

சரி, ஒரு தடவை பயத்துல செஞ்சுட்டாருன்னு விட்டுருவோம். வருஷம் பல போனதுக்குப் பொறவு கேரார் ஊருல அபிமெலேக்கு ராஜாகிட்ட மறுபடியும் அதே கூடப்பொறந்தா கதை. பிடிபட்டதும் சொல்லுதாரு, அவ எனக்குத் தகப்பன் வழியில தங்கச்சிதான், தாய்தான் வேற. பாத்தீரா? பொய்யில பாதியை உண்மையா வச்சுக்கிட்டா பிடிபடுத அன்னைக்கு நிக்கதுக்கு ஒரு எடம் கெடைக்கும். உம்ம தலைவருக்கு இதைக் கண்டிப்பாச் சொல்லும், பில்லுல பாதி அசலா இருக்கட்டும். இந்தத் தடவை அபிமெலேக்கு ஆயிரம் வெள்ளிக்காசும் குடுத்து அனுப்புதான். பொறவு மகன் ஈசாக்கு வளந்தாரு, அவருக்கும் பஞ்சம் வந்தது, அவரும் அதே கேராருக்குப் போனாரு, ரெபெக்காளைத் தங்கச்சின்னாரு. அங்க அப்பவும் ராஜா பேரு அபிமெலேக்குதான். ஜன்னல் வழியாப் பாத்தா தங்கச்சிகிட்ட அண்ணன் வெளையாடுத வெளையாட்டு அண்ணன் வெளையாட்டா இல்லை. அந்த ஊருக்காரன், இந்தக் குடும்பம் தங்கச்சின்னு யாரைச் சொன்னாலும் தள்ளி நிக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணியிருப்பான்.

இதைச் சொன்னா ஆபிரகாமைக் கேலி பண்ணுதேன்னு நீரு முகத்தைச் சுளிக்கீரு. முன்ன நம்ம சபைக்கு ஒரு ஐயரு வந்தாரே, எபிரேயம் படிச்சவரு, அவரு எனக்கு ஒரு சங்கதி சொன்னாரு. 13ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின்ல கெரோனாங்கிற ஊருல மோசே பென் நாக்மான்னு ஒரு யூத ஆசான் இருந்தாராம். அவரு ஆதியாகமத்துக்கு உரை எழுதும்போது, பெஞ்சாதியை ஆபத்துல விட்டதுல நம்ம தகப்பன் ஆபிரகாம் அறியாமச் செஞ்சாலும் பெரிய பாவம் செஞ்சாருன்னு பச்சையாவே எழுதி வச்சிட்டாரு. அடிமைப்பொண்ணு ஆகாரைப் பெஞ்சாதி சாராய் கொடுமைப்படுத்துனதும் பாவம், அதை விட்டுக்குடுத்துப் பாத்துக்கிட்டு இருந்த ஆபிரகாமும் பாவஞ் செஞ்சாருன்னாரு. ஆபிரகாம் வம்சத்துல வந்தவரே எழுதுனது வே இது. இன்னைக்கும் யூதங்க அவரைத் தலையில தூக்கி வச்சுத்தான் படிக்காங்க. நம்மூருல ஒரு கமிட்டி மெம்பரைப் பத்தி எழுதிப் பாரும், மறுநாளே உமக்குத் திருவிருந்து உண்டா இல்லையான்னு கூட்டம் போட்டுருவானுவ.

அடுத்தவரு யாக்கோபு. இது என் தொழிலைச் சேந்த கதை, கொஞ்சம் நிதானமாக் கேளும். நானும் சின்ன வயசுல ஆடு மேய்ச்சவன். பட்டியில ஒரு குட்டி கொறைஞ்சா ராத்திரி ஒறக்கம் வராது. யாக்கோபு வீட்டுல மூணு தலைமுறையா வெள்ளாட்டுக்குட்டியாப் போயிக்கிட்டு இருக்கு, எதுக்குப் போவுதுன்னு பாத்தா அத்தனையும் பித்தலாட்டத்துக்குத்தான்.

கண்ணு தெரியாத ஈசாக்கு மூத்தவன் ஏசாவுக்கு ஆசீர்வாதம் குடுக்கேன், கறி கொண்டுவான்னு அனுப்பி வைக்காரு. தாய்க்காரி ரெபெக்காளுக்குச் சின்னவன் மேலதான் உசுரு. பட்டிக்குப் போயி ரெண்டு நல்ல குட்டியைக் கொண்டாங்கா. கறியைச் சமைச்சாச்சு, தோலையும் வீணாக்கலை. மயிரு இல்லாத சின்னவன் கையிலயும் கழுத்துலயும் சுத்தியாச்சு. கெழவனுக்குக் குரல்ல சந்தேகந்தான், ஆனா கையைத் தடவிப் பாத்து ஏமாந்துட்டாரு. ஆசீர்வாதம் போச்சு, அண்ணன் கொல்லத் தேடுதான், யாக்கோபு தாய்மாமன் லாபான் வீட்டுக்கு ஓடுதாரு. அங்க ராகேலுக்காக ஏழு வருஷம் பாடுபட்டு, கல்யாண ராத்திரி விடிஞ்சு பாத்தா பக்கத்துல லேயாள். கண்ணு தெரியாத தகப்பனை ஏமாத்துனவனுக்கு மாமனாரு கண்ணு தெரியாத இருட்டைப் பாத்து வேலையைக் காட்டிட்டாரு. ராகேலுக்காக இன்னொரு ஏழு வருஷம்.

பொறவு யாக்கோபு தகப்பனாயி, தன் தாய் செஞ்ச அதே கூத்தைச் செய்தாரு. ஒரு பிள்ளை மேல மட்டும் உசுரு, அவனுக்கு மட்டும் தனிச் சட்டை. அண்ணன்மாரு யோசேப்பை இருவது வெள்ளிக்காசுக்கு வித்துட்டு, ஒரு வெள்ளாட்டுக்கடாவை அடிச்சு, ரத்தத்துல அந்தச் சட்டையை முக்கி, இது ஒம்ம மவன் சட்டையான்னு அடையாளம் பாருங்கன்னு தகப்பன் முன்னால போட்டானுவ. ஆட்டுத்தோலால ஏமாத்துனவருக்கு ஆட்டு ரத்தம். எழுதுனவரு எங்கயும் நிண்ணு, பாத்தீங்களா பாடம்னு சொல்லலை. ஆட்டை அவுத்துவிட்டுட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு.

விக்கலாம்னு ரோசனை சொன்னவரு யூதா. அவரு மருமக தாமாருக்கு அடுத்தடுத்து ரெண்டு புருஷன் செத்துப்போனான், ரெண்டு பேரும் யூதா பெத்த பிள்ளைங்கதான். முறைப்படி மூணாவது மவனைக் கட்டிவைக்கணும், கட்டிவைக்காம இழுத்தடிச்சாரு. அந்தப் பொண்ணு முகத்தை மூடிக்கிட்டு வழியோரத்துல உக்காந்தா. தாசின்னு நெனச்சு மாமனாரே பக்கத்துல வந்துட்டாரு. கூலி என்ன தெரியுமா? வெள்ளாட்டுக்குட்டி! பொறவு அனுப்புதேன்னு சொன்னாரு. அவ கெட்டிக்காரி, அதுவரைக்கும் அடகு குடும்னு முத்திரை மோதிரம், அதோட கயிறு, கைக்கோலு மூணையும் வாங்கிக்கிட்டா. குட்டியை அனுப்புனா ஆளைக் காணலை. மூணு மாசம் கழிச்சு மருமக முழுகாம இருக்கான்னு சேதி வருது. நம்ம யூதா, ஒழுக்கத்தைக் காப்பாத்த அவளை எரிச்சுப்போடச் சொல்லுதாரு. அவ கத்தலை, வாதாடலை. இந்தப் பொருளுக்குச் சொந்தக்காரன்தான் காரணம், அடையாளம் பாருங்கன்னு அடகை அனுப்பி வச்சா. தகப்பன்கிட்டச் சட்டையை நீட்டி அடையாளம் பாருங்கன்னு கேட்டவங்கள்ல இவரும் ஒருத்தரு, இப்ப இவருகிட்ட நீட்டியாச்சு.

இந்த எடத்துல யூதா ஒண்ணு செஞ்சாரு. மோதிரம் திருட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கலாம். எதிரிங்க சதின்னு சொல்லியிருக்கலாம். விசாரணைக்கு ஒரு கமிட்டி போடலாம்னுகூட சொல்லியிருக்கலாம். சொல்லலை. அவ பக்கம்தான் நியாயம், என் பக்கம் இல்லைன்னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னாரு. பெரிய மனுஷன் ஒருத்தரு ஊருக்கு முன்னால தப்பு என்னுதுதான்னு சொல்லுதது வேதப்புஸ்தகத்துல அதுக்கு முன்னால நான் பாக்கலை. உம்ம தாவீது அந்தத் தாமார் வயித்து வம்சந்தான்.

ஆரோன் வேணுமா? ஆசாரியன்மாருக்கெல்லாம் தலை. தம்பி மோசே மலைக்குப் போன நேரம், ஜனங்க சாமி கேட்டானுவ, இவரு அவங்க நகையைக் கழட்டச் சொல்லிப் பொன்னால கன்னுக்குட்டி செஞ்சு குடுத்தாரு. மோசே எறங்கி வந்து கேட்டா என்ன பதிலுங்கீரு? பொன்னை நெருப்புல போட்டேன், இந்தக் கன்னுக்குட்டி வெளிய வந்துட்டு! உளி பிடிச்சுச் செஞ்சாருன்னு அதே அதிகாரத்துல முன்னாலயே எழுதியிருக்கு. இது நாளைக்குக் கூட்டத்துக்கு உமக்கு நல்லாவே உதவும். மண்டபக் காசை நெருப்புல போட்டாரு, ஒரு காரு வெளிய வந்துட்டுன்னு சொல்லிப்பாரும்.

மோசேயை மட்டும் கூப்பிட்டுறாதேயும். அவரு உமக்கு எதிர்ச்சாட்சியா மாறிருவாரு. வாலிபத்துல அங்கிட்டும் இங்கிட்டும் பாத்து எகிப்தியன் ஒருத்தனைக் கொன்னு மணல்ல மூடுனவருதான், சரி. ஆனா நாப்பது வருஷம் அந்த ஜனத்தைச் சுமந்துட்டு, கோவத்துல பாறையை ரெண்டு அடி அடிச்சதுக்கு, 120 வயசுல நேபோ மலையில நிண்ணு தேசத்தைப் பாத்துக்கிடும், உள்ள போவக்கூடாதுன்னுட்டாங்க. ரெண்டு அடிக்கே அது. உம்ம தலைவரு எத்தனை வவுச்சர் அடிச்சாரு?

கிதியோன் கதையும் சுருக்கம். ராஜாவா இரும்னு ஊரே கூப்பிட்டுச்சு, எனக்குப் பதவி வேண்டாம்னாரு. ஆகா, என்ன அடக்கம்! ஆனா ஆளுக்கு ஒரு கடுக்கன் தாங்கன்னாரு. 1,700 சேக்கல் பொன்னு தேறுச்சு. அதுல ஏபோத்துன்னு ஆசாரிய உடுப்பு ஒண்ணைச் செஞ்சு சொந்த ஊரு ஒப்ராவுல வச்சாரு, ஊரே அதுக்குப் பின்னால வழிகெட்டுப் போச்சு. பதவி வேண்டாம்னு சொல்லுதவன் பையை விரிச்சு வச்சிருக்கானான்னு பாத்துக்கிடணும்.

இனி உம்ம ஆளு தாவீதுக்கு வருவோம். அவரை மாதிரி தப்புச் செய்யணும்னா அதுக்கொரு முறை இருக்கு, நாளைக்கு நீரு அரைகுறையாச் சொல்லிறக்கூடாது.

ராஜாக்கமாரு சண்டைக்குப் போற பருவம் அது. தாவீது போவலை. தளபதி யோவாபையும் சேனையையும் ரப்பாவை முற்றுகை போட அனுப்பிட்டு இவரு எருசலேம்ல இருந்துக்கிட்டாரு. ரப்பாங்கிறது இன்னைக்கு யோர்தான் தலைநகரு அம்மான் இருக்குத எடம். சாயங்காலம் படுக்கையை விட்டு எந்திரிச்சு மொட்டைமாடியில நடக்காரு. ஒரு பொம்பளை குளிக்கது தெரியுது. இங்க உம்ம அத்தை ஒரு திருத்தம் சொல்லுவா, காதுல வாங்கிக்கிடும். பத்சேபாள் மாடியில நிண்ணு குளிச்சான்னு பிரசங்கம் பண்ணுதவங்கல்லாம் சொல்லுதாங்களே, புஸ்தகத்துல மாடியில நிண்ணது ராஜா ஒருத்தருதான். அவ எங்க குளிச்சான்னு எழுதவே இல்லை. பழியை மட்டும் எப்படியோ மாடிக்கு ஏத்திட்டானுவ.

யாருன்னு விசாரிக்காரு. எலியாம் மவ, ஏத்தியனாகிய உரியாவுக்குப் பெஞ்சாதின்னு ஆளு வந்து சொல்லுதான். தெரியாமச் செஞ்சாருங்கிற பேச்சே இங்க எடுபடாது. தெரிஞ்ச பொறவுதான் ஆளை அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. அந்த அதிகாரம் முழுக்க அந்தப் பொம்பளை பேசுனது, வயித்துல பிள்ளை இருக்குன்னு சொல்லியனுப்புன ஒரே சேதிதான்.

ராஜாவுக்குப் பதட்டம். போர்க்களத்துலருந்து உரியாவை வரவழைச்சு, யோவாப் சுகமா, ஜனங்க சுகமா, சண்டை எப்படின்னு கேக்காரு. எவ்வளவு அக்கறை! வீட்டுக்குப் போயிக் காலைக் கழுவிக்கோன்னு சொல்லி, பின்னாலயே சாப்பாடும் அனுப்பி வைக்காரு. உரியா போவலை, அரமனை வாசல்ல வேலைக்காரங்களோட படுத்துக்கிட்டான். உடன்படிக்கைப் பெட்டி கூடாரத்துல இருக்கு, என் தளபதி வெட்டவெளியில கெடக்காரு, நான் மட்டும் வீட்டுல போயி பெஞ்சாதியோட சொகமா இருக்கவான்னு கேக்கான். அவன் வேற ஜாதிக்காரன் வே, ஏத்தியன். மறுநாள் ராஜாவே பக்கத்துல உக்காத்தி வச்சுக் குடிக்கக் குடுத்து வெறியாக்குனாரு. அப்பவும் போவலை. குடிச்சவனுக்கு இருந்த நிதானம் குடிக்காத ராஜாவுக்கு இல்லாமப் போச்சு.

கடைசியில ஒரு கடுதாசி. உரியாவைச் சண்டை உக்கிரமா நடக்குத எடத்துல முன்னால நிறுத்து, மத்தவங்க பின்வாங்கிருங்க, அவன் சாவட்டும்னு யோவாபுக்கு எழுதி, அதை உரியா கையிலயே குடுத்து அனுப்புனாரு. அவன் ஒழுக்கமானவன், பிரிச்சுப் பாக்கமாட்டான்னு ராஜாவுக்கு நல்லாத் தெரியும். அடுத்தவன் நேர்மையை நம்பி அவனையே கொன்னுருக்காரு. உரியாவோட வேற சில பேரும் செத்தாங்க, அவங்க பேரெல்லாம் யாருக்கும் தெரியாது. சேதி வந்ததும், சண்டையின்னா அப்படித்தான், மனசை விட்டுறாதேன்னு யோவாபுக்கு ஆறுதல் சொல்லியனுப்புனாரு. துக்கம் கழிஞ்சதும் பத்சேபாளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. கைம்பொண்ணுக்கு வாழ்வு குடுத்த மவராசன்னு அன்னைக்கே எருசலேம்ல ரெண்டு பேரு பேசியிருப்பான்.

இதுவரைக்கும்தான் உம்ம பேச்சுல வருது, இல்லியா? புஸ்தகத்துல இது பாதிதான்.

நாத்தான் தீர்க்கதரிசி வாராரு. குத்தம் சாட்டிக்கிட்டு வரலை, ஒரு வழக்கு கொண்டு வாராரு. ஒரு ஊருல ஒரு பணக்காரனுக்கு மந்தை மந்தையா ஆடு. ஒரு ஏழைக்கு ஒத்தைப் பெண்ணாட்டுக்குட்டி, அவன் தட்டுல தின்னு அவன் மடியில தூங்கும். பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தான், தன் மந்தையில கைவைக்காம ஏழை குட்டியைப் பிடிச்சு அடிச்சுப் போட்டுட்டான். தாவீது ஆட்டுக்காரன் மவன்லா, கொதிச்சிட்டாரு. அவன் சாவணும், குட்டிக்கு நாலத்தனையாத் திருப்பிக் குடுக்கணும்னு தீர்ப்பும் சொல்லியாச்சு. சொன்ன வாய் மூடுமுன்ன, அந்தப் பணக்காரன் யாருன்னு நாத்தான் முகத்துக்கு நேராச் சொல்லிட்டாரு. அதுக்கு ராஜா சொன்ன பதிலு, நான் ஆண்டவருக்கு விரோதமாப் பாவஞ்செஞ்சேங்கிறதுதான். வேற பேச்சில்லை. நாத்தான் தலையும் கழுத்துலயே இருந்துச்சு.

இதுக்குப் பக்கத்துல, தாவீதுக்கு முன்ன ராஜாவா இருந்த சவுலை வச்சுப் பாரும். அமலேக்கியரை ஜெயிச்சுட்டு அவங்க கொழுத்த ஆடுமாட்டை விட்டு வைக்கக்கூடாதுங்கிறது கட்டளை. சாமுவேல் தீர்க்கதரிசி வாராரு, சவுல் முந்திக்கிட்டு, கட்டளையை அப்படியே செஞ்சு முடிச்சாச்சுங்காரு. அப்பறம் காதுல விழுத இந்த ஆட்டுச் சத்தம் என்னன்னு சாமுவேல் கேக்காரு. அது ஜனங்க தப்ப விட்டது, ஒம்ம ஆண்டவருக்குப் பலி குடுக்கத்தான் வச்சிருக்கோம்! ஜனங்க மேல பழி, ஆண்டவரு பேருல ரசீது. கடைசியா ஒத்துக்கிட்டாரு, ஒத்துக்கிட்ட கையோட, ஊருப் பெரியவங்க முன்னால மட்டும் என் மரியாதையைக் காப்பாத்திக் குடும்னு கெஞ்சுனாரு. இப்பச் சொல்லும், மண்டபம் ஆண்டவருக்காகத்தானே கட்டுனதுன்னு உம்ம தலைவரு நேத்து டீக்கடையில பேசுனாராமே? உம்ம பேச்சுல தாவீது பேரு இருக்கு மருமவனே, வாதம் மட்டும் சவுலோடது.

தாவீதைத்தான் சாட்சியாக் கூப்பிடுவேன்னா அவரு கட்டுன வட்டியையும் சபையில வாசிக்கணும். நாலத்தனைன்னு அவரு வாயால சொன்னாருல்லா? அந்த நாலை யூத ஆசான்மாரு தல்மூத்ல எண்ணியே வச்சிருக்காங்க. பத்சேபாளுக்குப் பொறந்த பச்சைப்பிள்ளை, அம்னோன், தாமார், அப்சலோம். பிள்ளை செத்துது. மூத்த மவன் அம்னோன், உடம்பு சரியில்லைன்னு படுத்து நடிச்சு, தங்கச்சி முறை தாமாரைக் கெடுத்தான். அவளை அவன் வீட்டுக்குச் சமைச்சுப் போடப் போகச் சொன்னது தகப்பன்தான். கேள்விப்பட்டதும் ராஜாவுக்குக் கடும் கோவம் வந்துச்சுன்னு எழுதியிருக்கு. கோவத்துக்கு அடுத்தாப்புல ஒண்ணும் எழுதலை. ஒண்ணுமே செய்யலை அந்த மனுஷன். செய்ய வாயிருக்கா? மவன் திருப்பிக் கேட்டா என்ன சொல்லுவாரு? அதுதான் வே தலைவன் தப்புச் செஞ்சா வாரது. பொறவு நியாயம் சொல்ல நாக்கு எழும்பாது.

கூடப்பொறந்த அண்ணன் அப்சலோம் ரெண்டு வருஷம் வாயே தெறக்காம இருந்து, ஆட்டு மயிரு கத்தரிக்குத விருந்துல வச்சு அம்னோனைக் கொன்னான். பொறவு தகப்பனுக்கு எதிராவே கலகம். ராஜா வெறுங்காலோட அழுதுக்கிட்டே ஒலிவமலை ஏறி ஓடுனாரு. அப்சலோம் அரமனை மொட்டைமாடியில கூடாரம் போட்டு, ஊரு பாக்கத் தகப்பனோட மறுமனையாட்டிமாருகிட்டப் போனான். மொட்டைமாடி வே! அந்த ரோசனை குடுத்தது அகித்தோப்பேல். அவருக்கு எலியாம்னு ஒரு மவன் உண்டு. பத்சேபாளுக்கும் தகப்பன் பேரு எலியாம். ரெண்டும் ஒரே ஆளுதான், கெழவன் பேத்திக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்காருன்னு பழைய உரைகாரங்க சிலரு சொல்லுவாங்க. கடைசியில அப்சலோம் கர்வாலி மரத்துல தலை மாட்டித் தொங்குனான். ராஜா சொன்ன சொல்லையும் மீறி, மூணு ஈட்டியை அவன் நெஞ்சுல எறக்குனது, அந்தக் கடுதாசியை வாங்குன அதே யோவாப்.

இதெல்லாம் மறைக்கத் தெரியாமலா எழுதி வச்சாங்க? மறைக்கவும் ஆளு இருந்துச்சு. அதே வேதத்துல நாளாகமம்னு ஒண்ணு இருக்குல்லா, முதலாம் புஸ்தகம் 20ஆம் அதிகாரத்தை இன்னைக்கு ராத்திரி வாசிச்சுப் பாரும். ராஜாக்கமாரு சண்டைக்குப் போற பருவம், தாவீது எருசலேம்ல இருந்தாரு, ரப்பா விழுந்துச்சு, கிரீடம் தாவீது தலையில ஏறுச்சு. அவ்வளவுதான். மாடி இல்லை, குளியல் இல்லை, உரியா கதையே இல்லை. நம்ம சபை நூற்றாண்டு மலரை எழுதுன பெரியவரு இவருகிட்டத்தான் பாடம் படிச்சிருக்கணும். ஆனா சேத்துக் கட்டுனவங்க கெட்டிக்காரங்க, ரெண்டு புஸ்தகத்தையும் ஒரே அட்டைக்குள்ள விட்டு வச்சிட்டாங்க.

தல்மூத்லயும் இப்படி ஒரு வக்கீலு உண்டு. தாவீது பாவஞ்செஞ்சாருன்னு சொல்லுதவன் தப்பாச் சொல்லுதான், அந்தக் காலத்துல தாவீது வீட்டுச் சண்டைக்குப் போறவன்லாம் பெஞ்சாதிக்கு விடுதலைச் சீட்டு எழுதிக் குடுத்துட்டுத்தான் போவான்னு ஒரு வாதம். கெட்டிக்கார வாதந்தான். அதே பக்கத்துல ரபின்னு பேரு போன யூதா ஆசானும் தாவீதுக்குப் பரிஞ்சு பேசுதாரு. உடனே ராவ்னு ஒரு ஆசான் குத்துதாரு பாரும், ரபி தாவீது வம்சத்துக்காரருல்லா, அதான் தாத்தாவுக்காகப் பேசுதாருன்னு! பரிஞ்சு பேசுனதையும் எழுதியிருக்காங்க, அதைக் கேலி பண்ணுனதையும் பக்கத்துலயே எழுதியிருக்காங்க. உமக்கும் உம்ம தலைவருக்கும் என்ன ஒறவுன்னு நாளைக்கு எவனாவது கேப்பான், பதிலு வச்சுக்கிடும். மண்டபத்துக்கு மணல் அடிச்சது உம்ம மச்சினன் லாரிதானே?

அந்தக் காலத்துல அக்கம்பக்கத்து ராஜாக்கமாரு எப்படி எழுதி வச்சானுவன்னு அந்த எபிரேயம் படிச்ச ஐயரு சொல்லுவாரு. மோவாப் ராஜா மேசா ஒரு கல்வெட்டு வெட்டி வச்சான். 1868ல யோர்தான்ல திபான்ங்கிற எடத்துல கெடைச்சுது, இப்ப பாரிஸ்ல லூவர் மியூசியத்துல இருக்கு. அதுல மோவாப் கஷ்டப்பட்டதெல்லாம் அவங்க சாமி காமோஸ் நாட்டு மேல கோவமா இருந்ததால, ஊரைப் பிடிச்சது, கோட்டை கட்டுனது, தண்ணித்தொட்டி வெட்டுனது எல்லாம் ராஜா. கஷ்டத்துக்குச் சாமி கோவம், கட்டுனதுக்கு நானு! நம்ம மண்டபத்துக் கல்வெட்டையும் ஒரு தரம் போயிப் பாரும். இந்த எபிரேயக்காரன் மட்டும்தான் தன் பெரிய ராஜாவோட சூரங்க 37 பேரு பட்டியலை எழுதி, கடைசிப் பேரா ஏத்தியனாகிய உரியான்னு வச்சு முடிச்சான். அவனைப் பத்தி அங்க வேற ஒரு வார்த்தை இல்லை. நம்ம மத்தேயு, ஆண்டவரோட வம்ச வரலாறு எழுதும்போது சாலொமோனோட தாயாரைப் பேரு சொல்லலை, உரியாவுக்குப் பெஞ்சாதியா இருந்தவன்னுதான் எழுதுதாரு. ஆயிரம் வருஷம் ஆயும் அந்தப் பொம்பளை இன்னும் உரியா கணக்குலதான் இருக்கா.

சாலொமோனைச் சொல்லாம விட்டா ஞானத்துக்குக் கோவம் வரும். ராஜாவானவன் குதிரையைப் பெருக்கக்கூடாது, பெஞ்சாதிகளைப் பெருக்கக்கூடாது, பொன்னும் வெள்ளியும் ரொம்பச் சேக்கக்கூடாதுன்னு உபாகமத்துல சட்டம் எழுதியிருக்கு. இவரு குதிரையை எகிப்துலருந்து எறக்குனாரு. ஒரு வருஷத்துக்கு வந்த பொன்னு 666 தாலந்து. வீட்டுல 700 ராணிமாரு, அது போதாதுன்னு 300 மறுமனையாட்டிமாரு. ஞானி சட்டத்தை ஒண்ணு விடாமப் படிச்சிருக்காருன்னு தெரியுது. ஆலயம் கட்ட ஏழு வருஷம் ஆச்சு, சொந்த அரமனை கட்டப் பதிமூணு வருஷம். எதுல மனசு இருந்துச்சுன்னு வருஷக்கணக்கே சொல்லிருச்சு. கட்டுன கூலியாளுங்க முதுகுதான் ஒடிஞ்சுது.

அந்த முதுகுங்கதான் அவரு செத்ததும் சீகேம்ல கூடி, மவன் ரெகொபெயாம்கிட்ட வந்தது. ஒம்ம அப்பா சுமத்துன பாரத்தைக் கொஞ்சம் கொறையும், ஒமக்கு ஊழியஞ் செய்தோம். அவ்வளவுதான் கேட்டாங்க. மூணு நாள் தவணை வாங்கிட்டு மொதல்ல அப்பா காலத்துப் பெரியவங்களைக் கேட்டான். நல்ல வார்த்தை சொல்லும், காலத்துக்கும் ஒம்ம கூட நிப்பாங்கன்னாங்க. பிடிக்கலை. கூட வளந்த பயலுவளைக் கேட்டான். அவனுவ, என் சுண்டுவிரலு எங்க அப்பா இடுப்பை விடப் பெருசுன்னு சொல்லும்னு கிளப்பி விட்டானுவ. அதையே போயிச் சொன்னான். பத்துக் கோத்திரம் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டு. கெழவன்மாரு பேச்சைக் கேக்காம ராஜ்யம் ரெண்டாச்சுன்னு இவ்வளவு ருசியா எழுதுனவருக்கு வயசு கண்டிப்பா எழுவதுக்கு மேலதான் இருந்திருக்கும்.

ஆனா நீரு கவனிக்க வேண்டிய ஆளு ரெகொபெயாம் இல்லை மருமவனே. அதோராம்னு ஒருத்தன் இருந்தான். கட்டாய வேலைக்கு ஆளு பிடிச்சவன், ராஜாவுக்கு வேண்டியவன், நல்லாப் பேசுதவனாவும் இருந்திருப்பான். கொதிச்சுக் கெடந்த கூட்டத்துக்கிட்ட பேசி வாடான்னு ராஜா அவனைத்தான் அனுப்பி வச்சாரு. எந்திரிச்சு நிண்ணவனைக் கல்லெறிஞ்சே கொன்னுட்டாங்க. அந்த நேரம் ராஜா என்ன செஞ்சாருங்கீரு? அவசரமா ரதத்துல ஏறி எருசலேமுக்கு ஓடிட்டாரு.

அது கெடக்கட்டும். நாளைக்குக் கூட்டத்துக்கு உம்ம தலைவரும் வாராரா, இல்லை உம்மை மட்டும் அனுப்புதாரா? காரை வாசலைப் பாத்துத் திருப்பி நிறுத்தி வச்சிருக்காருன்னு உம்ம அத்தை சொல்லுதா.